மூன்று துண்டுச் சிறுநீரக மாடலும் பதினான்கு ஸ்லைடுகளும்: ஓராண்டு வகுப்பறையில் வைத்துப் பார்த்த பின்

சிறுநீரக மாடல் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் அதன் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரை உருவாக்கும் நுண்ணிய அலகான நெஃப்ரானைக் காட்டும் துண்டில் விரலை வைத்து, நுண்குழலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தடவிச் செல்லுங்கள். ஹென்லே வளைவு என்னும் கொண்டையூசி வளைவில் இறங்கி மறுபடி மேலேறி வரும் விரல், தான் புறப்பட்ட அதே குளோமருலஸை (இரத்தத்தை வடிக்கும் நுண்ணிய இரத்தநாள முடிச்சை) தொட்டுவிட்டுத்தான் அப்பால் போக வேண்டும். நாங்கள் வாங்கிய மாடலில் விரல் அப்படித் தொடவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தவளும் நான் அல்ல. முன்வரிசையில் நின்ற ஒரு மாணவி, "மேடம், இது திரும்பி வரவே இல்லையே" என்று கேட்டபோதுதான் நானும் குனிந்து பார்த்தேன்.

துணை மருத்துவப் படிப்புகள் நடத்தும் ஒரு கல்லூரியில், டயாலிசிஸ் டெக்னாலஜி முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியலும் திசுவியலும் நடத்துகிறேன். எங்களுக்கென்று உடல் அறுத்துப் பார்க்கும் கூடம் கிடையாது. ஆகவே சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், வட மாநிலத் தயாரிப்பாளர் ஒருவரிடமிருந்து உள்ளூர் முகவர் வழியாக, மூன்று துண்டுகள் கொண்ட சிறுநீரக மாடலை 6,200 ரூபாய்க்கும், சிறுநீர் மண்டலத்துக்கான 14 நுண்ணோக்கி ஸ்லைடுகள் அடங்கிய மரப்பெட்டியை 3,200 ரூபாய்க்கும் வாங்கினோம். இரண்டும் ஒரே பட்டியலில், ஒன்றையொன்று நிறைவு செய்யும் இணைப்பொருள்கள் என்று விற்கப்பட்டவை. ஓராண்டாக இரண்டையும் கையாண்ட பிறகு, அந்த வாக்குறுதியில் பாதிதான் உண்மை என்று சொல்வேன்.

மாடல், பலகை ஒன்றில் பொருத்தப்பட்ட மூன்று உருவங்களாக வருகிறது. முதலாவது, மூன்று மடங்கு பெரிதாக்கி நெடுக்காக வெட்டிய முழுச் சிறுநீரகம். இரண்டாவது, 120 மடங்கு பெரிதாக்கிய நெஃப்ரான். மூன்றாவது, 700 மடங்கு பெரிதாக்கிய குளோமருலஸ். இவ்வகை மாடல்களில் இந்த மூன்று அளவுகளும் ஏறக்குறைய மரபாகவே ஆகிவிட்டன.

முதல் துண்டைப் பற்றி நல்லதாகவே சொல்ல முடியும். மனிதச் சிறுநீரகம் சுமார் 11 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் 3 செ.மீ. கனமும் கொண்டது, மூன்று மடங்கில் அது ஒரு சுளகின் நீளத்துக்கு வந்துவிடுவதால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புறணி (வெளிப்பகுதி) எது, அகணி (உட்பகுதி) எது என்று தெரிகிறது. மேல் ஓரத்தில் நார்உறை சிறிது உரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. அகணியின் கூம்புகளை எண்ணினேன், ஒன்பது இருந்தன. பாடநூல்கள் 8 முதல் 18 வரை என்று சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. ஒவ்வொரு கூம்பின் முனையும் ஒரு சிறு கிண்ணத்துக்குள் நுழைவதும், சிறு கிண்ணங்கள் சேர்ந்து இரண்டு பெருங்கிண்ணங்களாவதும், அவை சிறுநீர்நாளத்தின் விரிந்த தொடக்கமான பெல்விஸில் கூடுவதும் தடையின்றித் தொடர்கின்றன. கூம்பின் முனையில் ஊசியால் குத்தியதுபோல் சில துளைகளையும் வைத்திருக்கிறார்கள். உண்மையில் ஒரு முனையில் 10 முதல் 25 வரையிலான சேகரிப்பு நாளங்கள் திறக்கின்றன. அந்தத் துளைகளை வைக்காமலே விற்றிருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதால், இதைச் செய்தவருக்கு ஒரு நன்றி.

இன்னும் பெரிய நன்றி தமனிகளுக்கு. கூம்புகளுக்கு நடுவே ஏறிவரும் தமனிகள், புறணியும் அகணியும் சந்திக்கும் எல்லையில் வில்லாக வளைகின்றன. மலிவான மாடல்களிலும் சுவர்ப்படங்களிலும் இந்த வில் தமனிகளை ஒன்றோடொன்று சேர்த்து, தோரணம் கட்டியதுபோல் ஒரே கோடாக வரைந்துவிடுவார்கள். அது தவறு. ஒரு வில் தமனி பக்கத்து வில் தமனியோடு சேர்வதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய பரப்போடு முடிந்துவிடும். சிறுநீரகத் தமனியின் கிளை ஒன்று அடைபட்டால் அதற்குரிய பகுதி மட்டும் ஆப்பு வடிவில் செத்துப்போவதற்குக் காரணமே இதுதான். இந்த மாடலில் சிவப்பு விற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ஆனால் அதே கவனத்தோடு நீலத்தையும் துண்டுதுண்டாக நிறுத்தியிருக்கிறார்கள். வில் சிரைகள் தமக்குள் சேர்ந்துகொள்பவை. தமனிக்குக் காட்டிய அறிவைச் சிரைக்கும் அப்படியே நகலெடுத்துவிட்டார்கள் போலும். நீல வண்ணத்தைத் தொட்டு நானே இணைத்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

இதே துண்டில் வேறொரு குழப்பம் இருந்தது. கூடவே வந்த கையேடு இதை இடது சிறுநீரகம் என்கிறது. பொருளோ வலது என்கிறது. ஹைலத்தில், அதாவது நாளங்கள் நுழைந்து வெளியேறும் குழிந்த வாயிலில், முன்னிருந்து பின்னாகச் சிரை, தமனி, பெல்விஸ் என்ற வரிசையில் உறுப்புகள் அமைந்திருக்கும். சிரையை முன்புறமாகவும், சிறுநீர்நாளத்தைக் கீழ்நோக்கியும் பிடித்து, ஹைலம் உடலின் நடுக்கோட்டைப் பார்க்குமாறு வைத்தால், அது எந்தப் பக்கத்துச் சிறுநீரகம் என்பது தெரிந்துவிடும். அப்படி வைத்தபோது வலது பக்கத்தில்தான் பொருந்தியது. மேலே ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பியும் வலதுக்கு உரிய கூர்ங்கோபுர வடிவில் இருக்கிறது; இடது அட்ரினல் பிறை வடிவில் இருக்க வேண்டும். சிரையும் குட்டையானது. இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் கடந்து செல்ல வேண்டியிருப்பதால் வலதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமானது. அதோடு இடது அட்ரினல் சிரையும், இடது விதைப்பை அல்லது சூலகச் சிரையும் அதில் வந்து சேர வேண்டும். இங்கே அவற்றின் சுவடே இல்லை. ஆக, சிற்பி சரியாகச் செய்திருக்கிறார், கையேட்டை எழுதியவர் பொருளைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். இந்தத் தவறை நான் திருத்தாமல் விட்டுவிட்டேன். ஆண்டின் முதல் செய்முறைத் தேர்வுக்கு, "கையேடு சொல்வது சரியா? மூன்று காரணங்கள் கூறுக" என்பதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

சிறுநீர்நாளத்தை நான்கு விரற்கடையில் வெட்டி நிறுத்திவிட்டது ஒரு குறை. உடலில் அது 25 செ.மீ. நீளம் உடையது, பெல்விஸோடு சேரும் இடம், இடுப்பெலும்பின் விளிம்பில் தமனியைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பையின் சுவரைத் துளைத்து நுழையும் இடம் என மூன்று இடங்களில் குறுகுகிறது. கல் இறங்கும்போது சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான். நம் ஊரில் கோடைக்காலத்தில் கல்வலி வந்த ஒருவராவது இல்லாத தெரு குறைவு என்பதால், மாணவர்கள் தாமாகவே கேட்கும் முதல் சந்தேகமும் இதைப் பற்றியதாகவே இருக்கிறது. பழைய குளுக்கோஸ் டியூப் ஒன்றை 75 செ.மீ. அளவுக்கு வெட்டி, மூன்று இடங்களில் நூலால் இறுக்கி, மாடலோடு ஒட்டவைத்தேன். மாடலில் உள்ள எதையும்விட மாணவர்கள் அதிகம் தொட்டுப் பார்த்தது அந்த டியூப்பைத்தான்.

இனி இரண்டாம் துண்டு. முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெட்டியின்மேல் 120 மடங்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு குளோமருலஸின் குறுக்களவு சுமார் 0.2 மி.மீ.; 120 மடங்கில் 2.4 செ.மீ., அதாவது ஒரு நெல்லிக்காய் அளவு. மாடலில் அப்படியே இருக்கிறது. ஆனால் குளோமருலஸை அடுத்து வரும் அண்மைச் சுருள் நுண்குழலின் நீளம் சுமார் 14 மி.மீ.; அதையும் 120 மடங்காக்கினால் ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஓர் ஆள் உயரத்துக் குழாயை அந்தச் சிறு பலகையில் சுருட்டி வைக்க முடியாது. ஆகவே நாலைந்து வளைவோடு நிறுத்திவிட்டார்கள். இதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். அளவு உருண்டைக்கு மட்டும்தான் பொருந்தும், குழலுக்குப் பொருந்தாது என்று கையேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அதனால் அண்மைச் சுருள் நுண்குழலும், ஹென்லே வளைவுக்குப் பின் வரும் சேய்மைச் சுருள் நுண்குழலும் ஏறக்குறைய ஒரே நீளம் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. சேய்மைக் குழலின் நீளம் சுமார் 5 மி.மீ.தான். இந்த வேறுபாடு தெரியாதவர், நுண்ணோக்கியில் புறணியைப் பார்க்கும்போது, ஒரே வகைக் குழல்கள் இவ்வளவு அதிகமாகத் தெரிவது ஏன் என்று திகைத்துப் போவார்.

மன்னிக்க முடியாத தவறு ஹென்லே வளைவின் ஏறுபுறத்தில் இருக்கிறது. அந்தத் தடித்த புறம் புறணிக்கு ஏறி வந்து, தன் சொந்தக் குளோமருலஸின் இரத்தநாள முனையில், உட்செல் நுண்தமனிக்கும் வெளிச்செல் நுண்தமனிக்கும் இடையிலான கவட்டில் ஒட்டிக்கொண்டு, அதன் பிறகே சேய்மைச் சுருளாக மாறுகிறது. ஒட்டும் இடத்தில் குழல்சுவரின் செல்கள் உயரமாகி நெருங்கி நிற்கும்; அதுதான் மாக்குலா டென்சா. அதற்கு எதிரே, உட்செல் நுண்தமனியின் சுவரில், இரத்த அழுத்தத்தைக் கூட்டத் தூண்டும் ரெனினைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. குழலில் ஓடும் திரவத்தில் உப்பு எவ்வளவு என்பதை மாக்குலா டென்சா உணர்ந்து, தன் குளோமருலஸுக்குள் வரும் இரத்தத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. உப்பு குறைந்தால் ரெனின் சுரக்கவும் தூண்டுகிறது. வடித்து முடித்த நீரைச் சற்றுத் தூரம் ஓடவிட்டு, அதைத் தானே மறுபடி ருசி பார்த்து மடையைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. எங்கள் மாடலில் ஏறுபுறம் குளோமருலஸிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி ஏறி, நேராகச் சேய்மைச் சுருளுக்குள் புகுந்து, சேகரிப்பு நாளத்தில் சேர்ந்துவிடுகிறது. பார்க்க அழகாக, சிக்கலில்லாமல் இருக்கிறது. அந்தச் சிக்கல்தான் பாடமே.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு, எங்கள் மாணவர்கள் யார் என்பதும் ஒரு காரணம். அவர்கள் படிப்பு முடிந்ததும் நாளெல்லாம் டயலைசரோடு, அதாவது டயாலிசிஸ் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் பகுதியோடு, நிற்கப் போகிறவர்கள். டயலைசருக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிழைக் குழாய்கள் கற்றையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் உட்குறுக்களவும் ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு குளோமருலஸின் அளவு. இந்த ஒற்றுமையைச் சொன்னவுடன் வகுப்பு முழுவதும், சிறுநீரகம் என்பது வடிகட்டி, டயலைசர் அதன் நகல் என்று முடிவுகட்டிவிடும். ஆனால் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் வடிப்பது சுமார் 180 லிட்டர். வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. மீதியைத் தேர்ந்து திருப்பி எடுத்துக்கொள்வது நுண்குழலின் வேலை. டயலைசரில் இல்லாததும் அந்த நுண்குழல்தான். குளோமருலஸை அருமையாகச் செதுக்கி, நுண்குழலை ஏனோதானோ என்று விட்ட மாடல், டயாலிசிஸ் மாணவருக்கு ஏற்கெனவே இருக்கும் தவறான எண்ணத்தையே உறுதிப்படுத்துகிறது.

மூன்றாம் துண்டு, 700 மடங்கில் 14 செ.மீ. அளவுள்ள உருண்டை, ஒரு நடுத்தரத் தேங்காய் என்று வைத்துக்கொள்ளலாம். குளோமருலஸைச் சூழ்ந்த பௌமன் கிண்ணத்தின் வெளிச்சுவரைக் கழற்றினால், உள்ளே தந்துகி முடிச்சும், அதன்மேல் கால்களைப் பரப்பி அமர்ந்திருக்கும் போடோசைட்டுகள் என்னும் செல்களும் தெரிகின்றன. போடோசைட்டுகளின் கால்கள் ஒன்றன் விரல்களுக்கிடையே மற்றதன் விரல்கள் கோத்திருப்பதாகச் செதுக்கப்பட்டிருப்பது மிக நேர்த்தி. செல்களுக்கு அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வை ஒரு வெட்டுமுகத்தில் மூன்று மி.மீ. கனத்தில் காட்டியிருக்கிறார்கள், சவ்வின் உண்மையான கனம் சுமார் 0.3 மைக்ரோமீட்டர் என்பதால், 700 மடங்கிலும் அது இரண்டு தாள்களை அடுக்கிய கனத்துக்குத்தான் வர வேண்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று பெரிதாக்கியதை ஏற்றுக்கொள்ளலாம். உட்செல், வெளிச்செல் நுண்தமனிகள் இரண்டையும் ஒரே பருமனில் வைத்திருப்பதை ஏற்க முடியாது. வெளிச்செல் நுண்தமனி குறுகியது. உருண்டைக்குள் அழுத்தம் தங்குவதற்கு அந்தக் குறுகல் தேவை. இந்தத் துண்டில் மாக்குலா டென்சா இருக்கிறது, ஆனால் நுண்குழல் புறப்படும் முனையில் ஒரு பச்சைத் திட்டாக ஒட்டப்பட்டிருக்கிறது. அது எதிர் முனையில் இருக்க வேண்டியது. இரண்டாம் துண்டில் இணைப்பே இல்லை, மூன்றாம் துண்டில் இணைப்பு இடம் மாறியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒருவர் சரிபார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

எம்-சீல் பாக்கெட்டுகள் இரண்டு வாங்கி, ஏறுபுறத்துக்கும் குளோமருலஸுக்கும் இடையே ஒரு வளைவைப் பிசைந்து ஒட்டினேன். பச்சைத் திட்டைச் சுரண்டி எடுத்துச் சரியான முனையில் வண்ணம் தீட்டினேன். வெளிச்செல் நுண்தமனியை மட்டும் அரம் போட்டுத் தேய்த்தும் போதிய அளவு குறைக்க முடியவில்லை. ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளுக்கு இந்த ஒட்டுவேலை தேவைப்பட்டிருக்கக் கூடாது என்ற வருத்தம் இருந்தாலும், ஒட்டிய வளைவு சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரிவதால் அதுவே வகுப்பின் கவனத்தை அந்த இடத்துக்கு இழுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்லைடு பெட்டிக்கு வருகிறேன். பதினான்கில் சிறுநீர் மண்டலத்துக்கு உரியவை பதினொன்று. மண்ணீரல், கணையம், நாக்கு என்று மூன்றை எண்ணிக்கை நிரப்புவதற்காகச் சேர்த்திருக்கிறார்கள். மளிகைக் கடையில் எடைக்குப் பொட்டலத்தையும் சேர்த்து நிறுப்பதுபோல்தான் இது.

முதலில் பார்த்த புறணி ஸ்லைடு ஏமாற்றம் தந்தது. ஹெமடாக்சிலின்-இயோசின் சாயம் ஏற்றிய நல்ல ஸ்லைடில், அண்மைச் சுருள் நுண்குழல் அடர்ந்த இளஞ்சிவப்பாகவும், உட்குழி தூரிகை விளிம்பால் (செல்களின் மயிர்போன்ற நுண்நீட்சிகளால்) மங்கியும் இருக்கும். சேய்மைக் குழல் வெளிறி, உட்குழி துடைத்துவைத்ததுபோல் தெளிவாக இருக்கும். செல்கள் சிறியவை என்பதால் ஒரு சுற்றில் கூடுதலான உட்கருக்கள் தெரியும். எங்களுக்கு வந்ததில் குளோமருலஸ்கள் முழுமையாக இருந்தன, அண்மைக் குழல்களின் செல்களோ உதிர்ந்து உட்குழிக்குள் கிடந்தன; பாதி உட்கருக்கள் மறைந்திருந்தன. உறுப்பை எடுத்த பிறகு ஃபார்மலினில் போடத் தாமதம் ஆனதற்கான அடையாளம் இது. ஆக்சிஜனை அதிகம் செலவழிக்கும் அண்மைக் குழல்தான், இரத்தம் நின்றதும் முதலில் சிதைகிறது. முகவருக்குப் படமெடுத்து அனுப்பினேன். "மைக்ராஸ்கோப் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள்" என்று பதில் வந்தது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, ஐந்து வாரம் கழித்து, மாற்று ஸ்லைடு வந்தது. மாற்றி வந்தது உண்மையிலேயே நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அடுத்து, "மனிதச் சிறுநீரகம், முழு வெட்டு" என்று சீட்டு ஒட்டிய ஒரு ஸ்லைடு. வழக்கமான ஸ்லைடுக் கண்ணாடியின் அகலம் 25 மி.மீ.; மனிதச் சிறுநீரகத்தின் அகலம் 60 மி.மீ. முழு வெட்டும் கண்ணாடிக்குள் அடங்கி ஓரத்தில் இடமும் மிச்சமிருக்கிறது என்றால், அது மனிதருடையதாக இருக்கவே முடியாது. கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோதே, ஒரே ஒரு கூம்பும் ஒரே ஒரு முனையும் தெரிந்தன. முயலாகவோ எலியாகவோ இருக்கலாம். ஸ்லைடின் தரத்தில் குறை ஒன்றும் இல்லை. சிறுநீரகத்தின் புறணி, அகணி, பெல்விஸ் மூன்றையும் ஒரே பார்வையில் காட்ட இதைவிடச் சிறந்தது வேறில்லை. சீட்டில் உள்ள பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டோம்.

பி.ஏ.எஸ். (பீரியாடிக் அமிலம்-ஷிஃப்) சாயம் ஏற்றிய புறணி ஸ்லைடும், இரத்தநாளங்களுக்குள் செந்நிற ஜெலட்டின் செலுத்தித் தயாரித்த ஸ்லைடும் இந்தப் பெட்டியின் விலையை ஈடுகட்டிவிடுகின்றன. பி.ஏ.எஸ்.ஸில் அடித்தளச் சவ்வும் அண்மைக் குழலின் தூரிகை விளிம்பும் கருஞ்சிவப்பாக எழுந்து நிற்பதால், எது அண்மை, எது சேய்மை என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. ஜெலட்டின் ஸ்லைடைச் சற்றுத் தடிமனாக வெட்டியிருக்கிறார்கள். நுண்ணோக்கியின் நுண்திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், புறணியில் நேராக ஏறும் ஒரு தமனியும், அதன் இருபுறமும் குட்டைக் காம்புகளில் ஒட்டிய சிவப்பு உருண்டைகளும் ஆழத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. அரைநெல்லிக் கிளையில் காய்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. 1666ஆம் ஆண்டில் இத்தாலிய உடற்கூறியலாளர் மார்செல்லோ மல்பீகி, இரத்தநாளங்களுக்குள் சாயம் செலுத்தித்தான் இந்த உருண்டைகளை முதன்முதலாகக் கண்டார். அந்த உருண்டையைச் சூழ்ந்த கிண்ணமும் நுண்குழலும் ஒரே தொடர்ச்சி என்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பௌமன் 1842இல் நிறுவும்வரை 176 ஆண்டுகள் ஆயின. இடையில் வந்தவர்களைக் குறைசொல்ல முடியாது. எங்கள் பி.ஏ.எஸ். ஸ்லைடில் நாற்பது குளோமருலஸ்களை மாணவர்கள் முறைவைத்துப் பார்த்ததில், கிண்ணம் நுண்குழலாகத் திறக்கும் முனை தெளிவாக வெட்டுப்பட்டிருந்தது ஒன்றே ஒன்றில்தான். ஐந்து மைக்ரோமீட்டர் சீவலில், எது எதோடு சேர்கிறது என்பதைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மாடல் என்ற ஒன்று தேவைப்படுவதே, ஸ்லைடால் காட்ட முடியாத அந்தச் சேர்க்கையைக் காட்டுவதற்காகத்தான்.

அகணி ஸ்லைடுகள் இரண்டும் சாதாரணம், குறைசொல்ல ஒன்றுமில்லை. சிறுநீர்நாளத்தின் குறுக்குவெட்டு மிக நல்லது. உட்குழி நட்சத்திரமாக மடிந்திருக்கிறது, அதைச் சுற்றி மாறுநிலை எபிதீலியம் என்னும் உட்புறச் செல்படலம் ஐந்தாறு அடுக்காக நிற்கிறது. தசை அடுக்கு குடலுக்கு நேர்மாறானது. உள்ளே நீளவாக்கு, வெளியே வட்டவாக்கு. நாளத்தின் கீழ் மூன்றிலொரு பகுதியில் மட்டும் வெளியே இன்னொரு நீளவாக்கு அடுக்கு சேரும். இந்த வெட்டில் அது இல்லாததால் மேற்பகுதியிலிருந்து எடுத்தது என்று கொள்ளலாம். பாடநூல் படத்தில் கோடு போட்டதுபோல் பிரிந்திருக்கும் அடுக்குகள், ஸ்லைடில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கலந்திருப்பதைக் கண்டு மாணவர்கள் முதலில் மிரண்டுபோனார்கள். உண்மையில் அவை அப்படித்தான் இருக்கின்றன.

சிறுநீர்ப்பை ஸ்லைடில் மேலடுக்கின் குடைச் செல்கள் பருத்து, உட்குழிக்குள் புடைத்து நிற்கின்றன; சிலவற்றில் இரண்டு உட்கருக்கள். வெறும்பையிலிருந்து எடுத்த வெட்டு இது. நிறைந்த பையில் இதே எபிதீலியம் இரண்டு மூன்று அடுக்காகத் தட்டையாகிவிடும். விரிந்த பையின் ஸ்லைடு ஒன்றையும் சேர்த்திருந்தால், மாறுநிலை என்ற பெயர் ஏன் வந்தது என்பதை வாயால் விளக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நாக்கைக் கொடுத்த இடத்தில் அதைக் கொடுத்திருக்கலாம். ஆண், பெண் சிறுநீர்ப் புறவழி (பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய்) ஸ்லைடுகளில் ஆணுடையது ஆண்குறியின் பஞ்சுத்திசுப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. சுமார் 20 செ.மீ. நீளமுள்ள ஆண் புறவழியில் எபிதீலியம் வழிநெடுக மாறிக்கொண்டே வருவதால், எந்த இடத்து வெட்டு என்பதைச் சீட்டில் எழுதியாக வேண்டும். எழுதவில்லை. சுமார் 4 செ.மீ. நீளமுள்ள பெண் புறவழிக்கும் அதுவே குறை.

மாடல், ஸ்லைடு இரண்டோடும் மூன்றாவதாக ஒன்றை ஒப்பிடாமல் இந்த மதிப்புரை நியாயமாகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்தால் ஆட்டுக் குண்டிக்காய் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. கொழுப்போடு சேர்த்துத் தரச் சொல்ல வேண்டும். கடைக்காரர் பழக்கத்தில் சுத்தம் செய்து கொடுத்துவிடுவார். கொழுப்பு மெத்தையிலிருந்து உறுப்பைப் பிதுக்கி எடுப்பதும், நார்உறையை நகத்தால் கிளப்பி உரிப்பதும் எந்த ஃபைபர் மாடலாலும் தர முடியாத அனுபவம். நெடுக்காக அரிந்தால் புறணியின் நிறமும் அகணியின் வரிகளும் பளிச்சென்று தெரிகின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆட்டுக்குக் கூம்புகள் தனித்தனி முனைகளாக நிற்காமல், ஒன்றாகச் சேர்ந்து ஒரே முகடாகிவிடும், சிறு கிண்ணங்களும் மனிதரில் இருப்பதுபோல் இருக்காது. பன்றியின் சிறுநீரகம் இந்த வகையில் மனிதருடையதற்கு நெருக்கமானது, ஆனால் அதை வகுப்பில் கொண்டுவந்து வைப்பது எல்லாக் கல்லூரியிலும் இயலாது. ஆகவே உறைகளையும் நிறத்தையும் ஆட்டுக் குண்டிக்காயிலும், கிண்ணங்களையும் தமனி விற்களையும் மாடலின் முதல் துண்டிலும் காட்டுகிறேன்.

உழைப்பைப் பொறுத்தவரை, ஓராண்டில் மாடலின் வண்ணம் ஹைலத்தைச் சுற்றி மட்டும் தேய்ந்திருக்கிறது. எல்லாக் கைகளும் அங்கேதான் போகின்றன. மூன்றாம் துண்டின் மூடியைப் பிடித்திருந்த காந்தம் மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கழன்றது. ஸ்லைடுகளில் இரண்டில் மூடுகண்ணாடியின் ஓரம் வழியாகக் காற்றுக் குமிழி உள்ளே ஊர்ந்திருக்கிறது, ஒட்டுப்பசையை மிச்சம்பிடித்திருக்கிறார்கள். மரப்பெட்டி அழகானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஸ்லைடுகளைப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறோம்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்லைடு பெட்டியைத் தாராளமாக வாங்கலாம், பிரித்த அன்றே புறணி ஸ்லைடைப் பார்த்துவிடுங்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மாற்றித் தரமாட்டார்கள். மாடலில் முதல் துண்டு தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள். பள்ளி மாணவர்களுக்கு என்றால் மூன்றையும் சேர்த்தே வாங்கினாலும் பழுதில்லை. செவிலியர், டயாலிசிஸ், மருத்துவ மாணவர்களுக்கு என்றால், இரண்டாம் துண்டின் மேல் உங்கள் விரலை ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கட்டாதீர்கள். இந்த ஆண்டு புதிய பிரிவு ஒன்று தொடங்குவதால் எங்களுக்கு இன்னொரு தொகுதி தேவைப்படுகிறது. முகவரிடம் ஸ்லைடு பெட்டிக்கும், முதல் துண்டுக்கும் மட்டும் விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். நாக்குக்குப் பதிலாக விரிந்த சிறுநீர்ப்பை ஸ்லைடு வேண்டும் என்று அடிக்கோடிட்டும் எழுதியிருக்கிறேன்.